முரண்பட்ட விதிகளும் அவற்றிடை அகப்பட்டோரும்

கௌரவ சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி முதலில் கேட்டது ஒரு சட்டக் கேள்வியே என்பதை, அக்கட்டத்தின் கொடுமையில் மனம் தோய்ந்துவிடுகிற நாம் பல சமயங்களில் மறந்துவிடுகிறோம். தருமபுத்திரர் தம்மை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா என்பதே அவள் கேள்வி. அடிமைக்கு உடைமை என்று ஒன்று கிடையாது என்பது ஒரு விதி. அதன்படி, தம்மையே இழந்துவிட்டவர் பிறரைப் பணயம் வைக்கும் அதிகாரத்தையும் இழந்தவர் ஆகிறார். மனைவி எந்த நிலையிலும் கணவன் வசப்பட்டவள் என்பது அக்காலத்து மற்றொரு விதி. அதன்படி, அவர் அடிமையான பின்னும் அவள்மீது அவருக்கு இருந்த ஆதிக்கம் நீங்கிவிடவில்லை. சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்த பீஷ்மரே இரண்டு பக்கத்தையும் எடுத்துக்காட்டிவிட்டு, தர்மத்தின் போக்கு சூட்சுமமானது என்று கூறித் தீர்ப்பளிக்காமல் இருந்துவிட்டார். அவையோருக்கு அது ஆராய்ந்து வியக்கத்தக்க ஒரு சிக்கல். அவளுக்கோ, உடுத்தியிருந்த சேலை நிற்குமா நீங்குமா என்பதே அந்தச் சிக்கலின் பொருள்.

இரண்டு கடமைகள் ஒருவன் நெஞ்சில் மோதிக்கொள்ளும்போது அவன் படுகிற தர்மசங்கடத்தைப் பற்றி நம் இலக்கியங்கள் நிரம்பப் பேசியிருக்கின்றன. இங்கே நாம் ஆராயப் புகுவது அதுவன்று. ஒரே அதிகாரமோ, ஒன்றோடொன்று கலந்துகொள்ளாத இரண்டு அதிகாரங்களோ, ஒரு மனிதன்மீது இரண்டு விதிகளைச் சுமத்தி, ஒன்றை அனுஷ்டித்தால் மற்றொன்றை மீறியவனாகவும், இரண்டையும் அனுஷ்டிக்க முயன்றால் தகுதியற்றவனாகவும் அவனை ஆக்கிவிடுகின்ற நிலைமையே நம் விஷயம். இதில் அவன் மனச்சாட்சிக்கு வேலையே இல்லை. அவன் எதைச் செய்தாலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

மேல்நாட்டில் இந்நிலைமைக்கு ஒரு நாவலின் தலைப்பே பெயராக நிலைத்துவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து குண்டு வீசும் பணியில் அறுபது முறை பறந்து திரும்பிய ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட ‘கேட்ச்-22’ என்ற அந்நூலில், சித்தம் கலங்கிய விமானிக்குப் பறப்பதிலிருந்து விடுதலை உண்டு. ஆனால் அதை அவனே வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கேட்ட மாத்திரத்தில், தன் உயிரைக் காத்துக்கொள்ளும் புத்தி தெளிவாக இருப்பது நிரூபணமாகிவிடுகிறபடியால் விடுதலை மறுக்கப்படும். இவ்விதியின் வட்டத்தைப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதே நாவலில் ஒரு தளபதி, வீரர்கள் முடிக்க வேண்டிய பயணங்களின் எண்ணிக்கையை அவர்கள் எட்டும் தருணத்திலெல்லாம் உயர்த்திக்கொண்டே போவதை அவ்வளவாகக் கவனித்தாரில்லை. என் அபிப்பிராயத்தில் விஷயத்தின் உயிர்நிலை இந்தத் தளபதியிடம்தான் இருக்கிறது. விதியை எவன் எழுதுகிறானோ அவனுக்கு அதன் பளு தெரிவதில்லை. பளுவைச் சுமப்பவனுக்கு அதை எழுதவோ திருத்தவோ கை இல்லை.

உளநூலாரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். கிரிகரி பேட்சனும் அவருடைய சகாக்களும் 1956இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு கட்டளைகளை இடைவிடாது பெறுகின்ற, அந்த விரோதத்தைச் சுட்டிக்காட்டவும் உரிமையில்லாத, விட்டு ஓடவும் வழியில்லாத குழந்தையின் நிலையை ஆராய்ந்தார்கள். சித்தப்பிரமைக்கு அதுவே காரணம் என்று அவர்கள் கட்டிய சித்தாந்தம் பிற்கால ஆராய்ச்சிகளுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆயினும் அவர்கள் எடுத்துக்காட்டிய அம்சங்களில் ஒன்று சட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது: முரண்பாடு மட்டும் ஒருவனைச் சிறைப்படுத்துவதில்லை, முரண்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்ற மூன்றாவது தடையும் சேரும்போதே வழி முழுவதும் அடைபடுகிறது.

சட்ட அறிஞர்களோ இதை வெகு காலமாக அறிவார்கள். லான் ஃபுல்லர் 1964இல் வெளியான தம் நூலில், சட்டம் சட்டமாக இல்லாமற்போகும் எட்டு வழிகளைச் சொல்லுகையில், ஒன்றையொன்று மறுக்கும் விதிகளையும், செய்ய முடியாததைச் செய்யச் சொல்லும் விதிகளையும் தனித்தனியே சேர்த்திருக்கிறார். பிந்திய சட்டம் முந்தியதை வெல்லும், சிறப்பு விதி பொது விதியை வெல்லும், உயர்ந்த சாசனம் தாழ்ந்ததை வெல்லும், இயலாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் நிர்ப்பந்திப்பதில்லை என்றெல்லாம் நியாயஸ்தலங்கள் பல நூற்றாண்டுகளாக அனுசரித்துவரும் சூத்திரங்கள் இத்தகைய முடிச்சுகளை அவிழ்ப்பதற்கென்றே ஏற்பட்டவை. செர்வாண்டிஸ் 1615இல் வெளியிட்ட ‘டான் குவிக்ஸாட்’ இரண்டாம் பாகத்தில், பாலத்தைக் கடப்போர் போகும் காரியத்தை உண்மையாகச் சொன்னால் போகலாம், பொய் சொன்னால் தூக்கு என்ற விதியிருக்க, அந்தத் தூக்குமரத்தில் தொங்கவே போகிறேன் என்று ஒருவன் சொல்லிவிட, தீர்ப்புச் சொல்ல அமர்ந்த எழுத்தறிவற்ற சாஞ்சோ பான்ஸா, இரு பக்கமும் நியாயம் சமமாக நிற்கும்போது தயை பக்கம் சாய்வதே முறை என்று அவனைப் போகவிடுகிறான். பீஷ்மருக்கு எட்டாதது அந்தப் பாமரனுக்கு எட்டியது.

ஆகவே முடிச்சை அவிழ்க்கும் வித்தை உலகத்துக்குத் தெரியாதது அல்ல. தெரிந்திருந்தும் அது ஏன் சிலருக்கு மாத்திரம் அவிழ்வதில்லை, அதுவும் தலைமுறை தலைமுறையாக அவிழ்வதில்லை என்பதே கேட்கத் தக்க கேள்வி.

அநேக இடங்களில் முடிச்சு விழுவது ருசுவில்தான். உத்தரப்பிரதேசத்து ஆசம்கட் ஜில்லாவைச் சேர்ந்த லால் பிகாரி, நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினரின் சூழ்ச்சியால் 1976இல் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இறந்தவராக எழுதப்பட்டார். எதிரில் நின்று பேசுகிற மனிதரைக் காட்டிலும் பதிவேட்டின் வரி அதிகாரிகளுக்கு அதிக உயிருள்ளதாகப்பட்டது. செத்தவன் மனுச் செய்ய முடியாது; மனுச் செய்யாமல் உயிர் பெறவும் முடியாது. அவர் தம் பெயரோடு ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தம் மனைவிக்கு விதவை உபகாரச் சம்பளம் கேட்டார். பெருந்தலைவர்களை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். வேட்பாளர் பட்டியலில் பெயர் ஏறினாலாவது உயிர் உண்டென்பது ஏட்டில் ஏறாதா என்பதே அவர் எண்ணம். பதினெட்டு வருஷம் சென்று 1994இல்தான் அவரை உயிரோடிருப்பவராகச் சர்க்கார் ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1948 முதற்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்து குடியேறியவர்களுக்கு நிலைத்திருக்கும் உரிமையை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. ஆனால் அதற்கான காகிதம் ஒன்றும் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் காகிதம் வேண்டும் என்ற விதிகள் வந்தன. வாழ்ந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி கேட்கப்பட்டது. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டியிருக்கக்கூடிய சீட்டுகளையோ உள்துறை இலாகாவே 2010இல் அழித்துவிட்டிருந்தது. சர்க்கார் தானே அழித்ததை மக்களிடம் கேட்டது என்ற செய்தி 2018இல் பத்திரிகைகளில் வெடித்து, மந்திரி ஒருவர் பதவி விலகும்வரை, முறையற்றுத் துரத்தப்பட்டவர்களின் குரலுக்குச் செவி கிடைக்கவில்லை.

ஆனால் முரண்பட்ட விதிகள் ஒரு ஜனசமூகத்தையே எவ்வாறு விழுங்க முடியும் என்பதை முழுமையாகக் காண விரும்புகிறவர்கள் இலங்கை மலையகத்தைத்தான் பார்க்க வேண்டும். காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டு, வரிசை வீடுகளான லயக் காம்பராக்களில் பிறந்து, வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் கூலியான அரைப்பேர் வாங்கி வாழ்ந்த அந்த மக்கள், 1947 தேர்தலில் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளைத் தங்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவு அந்நாட்டில் கட்டாயமானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். தோட்டங்களில் பிறப்பை அறிவிக்கும் வேலையோ நிர்வாகத்தின் கையில் இருந்தது. தகப்பன் பிறந்ததற்கு மகன் அத்தாட்சி காட்ட வேண்டும்; அந்த அத்தாட்சியை உண்டாக்கும் பொறுப்பில் மகனுக்கும் பங்கில்லை, தகப்பனுக்கும் பங்கில்லை.

ஒரு குடும்பத்தை மனத்தில் கற்பித்துக்கொண்டு இந்த விதிகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். திருச்சிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்த ஒருவருக்கு 1910இல் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மகன் பிறந்தான் என்று கொள்வோம். அம்மகனின் தகப்பன் இந்தியாவில் பிறந்தவராகையால், இலங்கை மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாத அவன் வம்சாவளிப் பிரஜை அல்லன். அவனுக்கு 1932இல் ஒரு பிள்ளை பிறக்கிறது. அப்பிள்ளையின் தகப்பன் இலங்கையில் பிறந்தவன், ஆகவே அப்பிள்ளை, அத்தாட்சி அகப்பட்டால், பிரஜை. அதே லயத்தில், அதே தாய்க்கு, 1949இல் கடைசிப் பிள்ளை பிறக்கிறது. 1948 நவம்பர் 15க்குப் பின் பிறந்தவர்களுக்குத் தகப்பன் பிரஜையாக இருந்தாக வேண்டும் என்பது விதி. தகப்பனோ பிரஜை அல்லன். ஆகவே கடைசிப் பிள்ளை அந்நியன். ஒரே கூரையின் கீழ் தகப்பன் அந்நியன், மூத்தவன் பிரஜை, இளையவன் அந்நியன்.

இத்தகையோருக்கென்று இரண்டாவது வாசல் ஒன்று திறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அதுவே 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம். அந்த வாசலில் நுழைய விரும்புகிறவன் முதற்படியிலேயே தன்னை இந்திய வாசி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட கையோடு, இந்தியாவோடு தனக்கு ஒட்டில்லை, இலங்கையே தன் நிலையான இருப்பிடம் என்றும் காட்ட வேண்டும். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் மணமானவர் ஏழு வருஷமும் மணமாகாதவர் பத்து வருஷமும் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். மனைவி மக்களுக்கும் வாசத்தொடர்ச்சி வேண்டும். நியாயமான நிலைத்த வருமானமும் வேண்டும். தாய்வீடு இந்தியாவில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்த் தங்கியதும், ஊரில் இருந்த கிழவிக்கு மகன் பணம் அனுப்பியதும், குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போனதும், மனிதத் தன்மை உள்ள எவரும் செய்கிற காரியங்கள். ஆனால் மனுவை விசாரிக்கும் மேஜையில் அவை எல்லாம் வேறு நாட்டில் வேர் இருப்பதற்குச் சாட்சியமாக மாறக்கூடியவை. இரண்டு வருஷக் கெடுவுக்குள் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக மனுக்கள் போடப்பட்டன. இறுதியில் ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேர்.

கடலுக்கு இப்புறம் நிலைமை என்ன? சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் எட்டாவது ஷரத்தின் மூலம், வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம் என்றது. பதிவு செய்யாதவர்கள் தாங்கள் வாழும் நாட்டின் பொறுப்பு என்பது நேருவின் அரசாங்கம் கொண்ட நிலை. இலங்கையோ, நம் சட்டப்படி தேறாதவர்கள் இந்தியாவின் பொறுப்பு என்றது. இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்டால் இலங்கை மனு அடிபடும். பதிந்துகொள்ளாமல் இலங்கையை நம்பி மனுப்போட்டு அது தள்ளப்பட்டால் இந்தியாவும் சொந்தமில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று நாம் சுலபமாகச் சொல்லுகிறோமே, அந்நிலை பல லட்சம் பேருக்குச் சட்டத்தின் வாசகமாகவே அமைந்தது. ‘நாடற்றவர்’ என்ற பெயரும், ‘கள்ளத்தோணி’ என்ற வசையும் அவர்களுக்குக் கிடைத்தன.

முடிச்சை அவிழ்க்க வேண்டிய நியாயஸ்தலம் என்ன செய்தது என்று கேட்கலாம். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்குரிமை இல்லை என்று 1949லேயே மற்றொரு சட்டம் செய்யப்பட்டது. அதை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் செல்லாது என்ற பாதுகாப்பு ஷரத்து இலங்கையில் அப்போது அமலிலிருந்த சோல்பரி அரசியல் திட்டத்தில் இருந்தும், 1953இல் பிரிவி கவுன்சில் அச்சட்டங்களைச் செல்லும் என்றே தீர்த்தது. தன் பிரஜைகள் யாரென்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்றும், இரண்டாவது சட்டத்தின் மூலம் இந்தியத் தமிழருக்கு வழி வைக்கப்பட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்றும் அது கருதியது. காகிதத்தில் வாசல் இருந்தது வாஸ்தவம். அதில் எத்தனை பேர் நுழைய முடியும் என்பதை நீதிபதிகள் பார்க்கவில்லை.

நான் மேலே கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். இந்த மூன்று சட்டங்களில் எதுவும் தனித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது; பிரஜை யார் என்று ஒன்று சொல்லிற்று, குடியேறியவர் எப்படிப் பிரஜையாவார் என்று மற்றொன்று சொல்லிற்று, பிரஜைக்கே வாக்கு என்று மூன்றாவது சொல்லிற்று. மூன்றும் சேர்ந்தபோது, முதலிரண்டின் முரண்பாட்டால் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அந்த முரண்பாட்டைத் திருத்தச் சொல்லும் வாயும் பறிபோயிற்று. முரண்பட்ட விதி நீடிப்பதற்குப் புத்திக்குறைவு காரணமன்று. அதனால் நஷ்டப்படுகிறவர்கள் விதி செய்பவர்களுக்கு எந்த நஷ்டத்தையும் உண்டாக்க முடியாதவர்களாக இருப்பதே காரணம்.

அதன் பிறகு நடந்தவை இதை உறுதிப்படுத்துகின்றன. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வது என்று பங்கு பிரிக்கப்பட்டது. அந்த மிச்சமும் 1974இல் சரிபாதியாக வகுக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் அல்ல இவை. 1982இல் கெடு முடிந்துவிட்டது என்று இந்தியா தெரிவித்தபோது, இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் கப்பலேறாதவர்களாக ஏறத்தாழ 90,000 பேரும், மனு முடிவாகாதவர்களாக 86,000 பேரும் இலங்கையில் எஞ்சியிருந்தார்கள். 1984இல் தலைமன்னாருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றுபோயிற்று. இந்தியன் என்று கடவுச்சீட்டு சொல்லுகிறது, இந்தியாவுக்குப் போகக் கப்பல் இல்லை, இலங்கையில் இருக்க உரிமை இல்லை.

மலையக வாக்குக்கு மெல்ல மெல்ல மதிப்பு ஏறி, எந்தக் கட்சியும் அதை அலட்சியம் செய்ய இயலாத காலம் வந்த பிறகு, 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்தவர், அல்லது அவர் வழித்தோன்றலாய் இலங்கையில் வசிப்பவர், பிரஜை என்றது அது. பாட்டன் பூட்டன் பிறப்புச் சீட்டைக் கேட்கவில்லை. விண்ணப்பதாரர் கையொப்பமிட்ட ஒரு பிரகடனத்தைச் சமாதான நீதிபதியைக்கொண்டு உறுதிப்படுத்தினால் போதும். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் துணையோடு தோட்டந்தோட்டமாக நடமாடும் முகாம்கள் சென்றன. பத்தே நாளில் 1,90,000 பேர்வரை பிரஜையானார்கள். ஐம்பத்தைந்து வருஷம் ருசுவில்லை என்று பூட்டிக் கிடந்த கதவு, ருசுவின் சுமையை மனிதன் தோளிலிருந்து இறக்கி வைத்த மாத்திரத்தில் பத்து நாளில் திறந்துவிட்டது.

இத்தோடு விஷயம் முடிந்ததென்று எழுத என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அதே மக்களில் ஒரு பகுதியினர் 1983க்குப் பின் கலவரத்துக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, மண்டபம் தொடங்கிப் பல மாவட்டங்களிலும் உள்ள முகாம்களில் இன்றும் இருக்கிறார்கள். உயிருக்கு ஓடி வந்தவனிடம் கடவுச்சீட்டும் விசாவும் இருந்திருக்க முடியாது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் செய்யப்பட்ட திருத்தமோ, தக்க ஆவணமின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்து, அத்தகையோர் பதிவின் மூலமும் இயல்புரிமையின் மூலமும் குடிமகனாக முடியாது என்கிறது. சர்க்காரே பதிந்துகொண்டு, சர்க்காரே வீடும் உதவித்தொகையும் அரிசியும் கொடுத்து, தணிக்கை நாளில் ஆள் இருக்கிறாரா என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கிற ஒருவர், நாற்பது வருஷ வாசத்துக்குப் பிறகும் சட்டப்படி வசிக்காதவர்! இந்தியாவில் 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். ஆகையால் ஒரே முகாமில், ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு, 1988இல் பிறந்த பிள்ளைக்கு இல்லை. மலையகத்து லயத்தில் அந்தக் குடும்பத்தின் பாட்டனுக்கு நேர்ந்தது, கடல் கடந்து பேரனுக்கும் நேருகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினரான இத்தகைய மனுதாரர்களைச் சாதாரணக் குடியேறிகளோடு ஒன்றாக வைத்துப் பார்ப்பது தகாது என்றும், விதிவிலக்களிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்றும் கூறிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனை ஷரத்துக்களிலிருந்து விலக்கியது. தண்டனை நீங்கியது பெரிய ஆறுதலே. ஆனால் தண்டனையிலிருந்து விலக்குவது ஒரு சட்டம். குடியுரிமைக்குத் தகுதி தருவது வேறொரு சட்டம்.

இந்த இடைவெளியை மூடுவதற்குப் புதிய சித்தாந்தம் எதுவும் வேண்டியதில்லை. 2003இல் கொழும்பு செய்ததையே டில்லியும் செய்யலாம். ஒரு தேதியைக் குறித்து, அத்தேதிவரை முகாம் பதிவேட்டில் ஏறியவரும் அவர் மக்களும் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வாரார் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்து, விண்ணப்பதாரரின் கையொப்பத்தையே ஆதாரமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ருசுவுக்குத் தேவையான ஏடுகள் எல்லாம் சர்க்காரின் கையிலேயே, முகாமுக்கு முகாம், வருஷவாரியாக இருக்கின்றன.